ஆறு பேர் பேசிய கேசட்

சீமையில் என் குரல் ஓடிக்கொண்டிருந்தபோது, அது என் குரல் இல்லை என்று நான் சொன்னேன். சர்ச் கூடத்தில் நிறையப் பேர் இருக்க, டீக்குவளையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன். அதை எழுதி வைக்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மெதுவாகத்தான் வரும். எனக்கு எழுத்து பிந்தி வந்தது.

எங்கள் வீடு மலாக்காவில், புக்கிட் காத்தில் குடியிருப்புத் தாமானின் கடைசி வரிசையில். என் வீட்டுக்காரர் தவறிய பிறகு நானும் கடைசி மகளும்தான் இருக்கிறோம். மூத்த பிள்ளைகள் இருவரும் ஜொகூரில். கடைசி மகள் குருபோங்கில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் வேலை செய்கிறாள். முப்பத்தேழு வயது. கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள். அதில் எனக்கு இருந்த வருத்தத்தை நான் வெளியில் காட்டியதில்லை. எதையும் வெளியில் காட்டாமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்தே இத்தனை வயதைக் கடத்திவிட்டேன்.

படிப்பதற்காக லண்டனில் நான்கு வருடம் இருந்தாள். படிப்போடு சேர்த்து அங்கிருந்து ஒரு பாட்டுப் பைத்தியத்தையும் கொண்டுவந்தாள். பின் அறையில் இசைத்தட்டு சுழலும் மிஷின் இரண்டு, நடுவில் பித்தான்கள் வைத்த பெட்டி ஒன்று, சுவரோரம் இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைச் சாத்திக்கொள்வாள். லண்டனில் அவள் கூட்டாளிகள் இண்டர்நெட்டில் ஒரு சின்ன ரேடியோ நடத்துகிறார்கள். இவள் இங்கே போடுவது அங்கே கேட்குமாம். அங்கே அப்போது காலை பதினொரு மணி.

அந்தப் பாட்டை எப்படிச் சொல்வது? அடி விழும் என்று காது காத்திருக்கும் இடத்தில் அடி விழாது. காத்திராத இடத்தில் விழும். அதற்கும் கீழே, வயிற்றுக்குள் லாரி ஒன்று இஞ்சினை அணைக்காமல் நிற்பதுபோல ஒரு உறுமல். சமையலறை அலமாரியில் கண்ணாடிக் குவளைகள் ஒன்றையொன்று தட்டிக்கொள்ளும். பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்ன சத்தம் என்று கேட்டபோது, மகள் லண்டன் ஆபீசோடு மீட்டிங்கில் இருக்கிறாள் என்றேன். இது என்ன மாதிரி மீட்டிங் என்று அந்த அம்மா கேட்கவில்லை. நல்ல மனுஷி.

சர்ச் பெண்கள் சங்கத்திலும் அதையேதான் சொல்லி வைத்திருந்தேன். அந்தச் சங்கத்துக்கு நான் பதினோரு வருடமாகத் தலைவி. தலைவியின் மகள் வீட்டில் ஆட்டக் கிளப் பாட்டு போடுகிறாள் என்று தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குப் பயம்.

மகள் எனக்கு விளக்காமல் இல்லை. நான் பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது எதிரில் உட்கார்ந்து சொல்வாள். கரீபியன் தீவுகளிலிருந்து கப்பலேறி வேலைக்கு வந்த ஜனங்களை அங்குள்ள நடனக் கூடங்களில் உள்ளே விட மாட்டார்களாம். அவர்கள் தாங்களே ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் கட்டி, வீடுகளிலும் தெருவிலும் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் காலத்தில் அந்த அடிச்சத்தம் வேறு ஊர் ஆட்டப் பாட்டுகளோடு கலந்து, தலைதெறிக்க ஓடும் ஒன்று வந்தது. அதற்கு ஜங்கிள் என்று பெயர். அதை ஆடிக் களைத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமையில் கொஞ்சம் நிதானமாக, கொஞ்சம் இனிப்பாகக் கேட்க ஆசைப்பட்டார்கள். அது கராஜ். அதில் பாடுகிறவளின் குரலைத் துண்டு துண்டாக வெட்டித் தாளத்துக்கு நடுவே செருகுவார்கள். பிறகு சிலர் அந்த இனிப்பை எடுத்துவிட்டு அடிச்சத்தத்தை மட்டும் மிச்சம் வைத்தார்கள். அது டப்ஸ்டெப். இன்னும் சிலர் அதன் மேல் மூச்சு விடாமல் பேசினார்கள். அது கிரைம். குற்றம் இல்லை, அழுக்கு என்று அர்த்தமாம்.

இப்படிச் சொன்னால் ஒன்று செத்து ஒன்று பிறந்ததுபோல் இருக்கிறது. அப்படி இல்லையாம். ஜங்கிள் போட்டவரே கராஜும் போட்டார். கராஜ் விற்ற இசைத்தட்டுக் கடையில்தான் டப்ஸ்டெப் பிள்ளைகள் வேலை செய்தார்கள். எதற்கு இரண்டு மிஷின் என்று கேட்டேன். கூப்பிட்டுக்கொண்டு போய்க் காட்டினாள். ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்த பாட்டை உள்ளே விடுகிறாள். கொஞ்ச நேரம் இரண்டும் சேர்ந்தே ஓடுகின்றன. எது எதனுடைய தாளம் என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

"இந்த எடத்துலதாம்மா புதுசு பொறக்கும். ரெண்டும் ஒண்ணா ஓடுற எடத்துல," என்றாள்.

லைசென்ஸ் இல்லாத ரேடியோக்களில்தான் அந்தப் பாட்டுகளை முதலில் போட்டார்களாம். உயரமான அடுக்குமாடிகளின் கூரையில் ஏரியல் கம்பி கட்டுவார்கள். அதிகாரிகள் வந்து வெட்டிப் போடுவார்கள். மறுவாரம் வேறு கூரையில் கம்பி முளைக்கும். ரௌடிகள் பாட்டு என்று பேப்பரில் எழுதினார்கள். போலீஸ் கூடங்களை மூடியது. பல வருடம் கழித்து அதே பாட்டுக்கு மேடையில் பரிசு கொடுத்தார்கள், சோப்பு விளம்பரத்தில் போட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் அதற்குப் பெயரே வைக்கவில்லையாம். இசைத்தட்டுக் கடைக்காரருக்குத்தான் எந்த அலமாரியில் அடுக்குவது என்று தெரிய வேண்டியிருந்தது. பெயர் வந்த பிறகுதான் வாசல் திறந்தது என்பாள்.

எனக்கு அது புரிந்தது. லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தபோது, டிசம்பர் மாதம் வீடு வீடாகப் பாடிக்கொண்டு கீத பவனி போகையில் எங்கள் பத்து வேதக்கார வீடுகளோடு கோயில் உறுமிக்காரர்களும் கூட வருவார்கள். பிறப்பின் பாட்டுக்கு உறுமி அடிப்பார்கள். பிள்ளைகள் புழுதி பறக்க ஆடும். பட்டணத்துப் போதகருக்கு அது பிடிக்கவில்லை. யார் போய் அவர்களிடம் வேண்டாம் என்று சொல்வது என்று எல்லாரும் முழித்தபோது, நான்தான் போய்ச் சொன்னேன். இன்று பட்டணத்து சர்ச்சிலேயே பொங்கல் ஆராதனைக்கு உறுமி அடிக்கிறார்கள். நானும் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டுகிறேன். இதைச் சொன்னபோது மகள் சிரித்தாள்.

"கம்பி வெட்ட வந்த ஆபீசர் நீங்கதாம்மா."

இப்போது கேசட்டுக்கு வருகிறேன்.

எனக்குக் கல்யாணம் பேசும்போது, பெண் ஐந்தாம் வகுப்பு படித்தவள் என்று என் அப்பா மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார். நான் இரண்டாம் வகுப்பில் நின்றவள். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அவன் அழுதால் வகுப்புக்கு வெளியே நின்று படித்த படிப்பு அது. ஒரு எழுத்தும் மனதில் தங்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாள் ஓடியது. அவர் மரம் சீவிவிட்டு வருவார், நானும் சீவிவிட்டு வருவேன். எழுதவோ படிக்கவோ வேலை வரவில்லை.

பிறகு எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஆறு ஆண்கள் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். ஆறு பேரும் ஒரே கொங்சியில், ஒரே பலகைக் கொட்டகையில் தங்கியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் கடிதம் எழுதினார். பக்கத்து வீட்டு அக்கா எனக்கு வாசித்துக் காட்டுவார். அந்த அக்கா ஆறாம் வகுப்பு முடித்தவர். ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. லயத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும், யார் கடிதம் போட்டாலும் அக்கா கைதான். கோலம் போட்டதுபோல் உருட்டி உருட்டி எழுதுவார். எனக்கும் பதில் எழுதித் தருகிறேன் என்றார். புருஷனுக்குச் சொல்வதை இன்னொருத்தியிடம் எப்படிச் சொல்வது என்று நான் வேண்டாம் என்றேன். பதிலே போகவில்லை. நான்காவது கடிதத்தில், என் மேல் என்ன கோபம் என்று கேட்டிருந்தார். அதை அக்கா வாசித்தபோது எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அக்காவின் வீட்டுக்காரரும் அந்தக் கொங்சியில்தான் இருந்தார். அவர் ஒரு ரேடியோ கேசட் பெட்டி வாங்கி அனுப்பியிருந்தார். ஒரு ஞாயிறு மத்தியானம் அக்கா எங்கள் ஐந்து பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். ஆளுக்குக் கொஞ்சம் பேசலாம், ஒரே கேசட்டை அனுப்பினால் அங்கே ஆறு பேரும் உட்கார்ந்து கேட்பார்கள் என்றார். ஒவ்வொருத்தி முறைக்கும் அவர்தான் பித்தானை அழுத்தி, "பேசு, ஓடுது" என்பார். புருஷன் பெயரை யாரும் சொல்வதில்லை. ஆறு பேரும் "என்னங்க" என்றுதான் தொடங்கினோம். அங்கே எந்த "என்னங்க" யாருடையது என்று அவர்கள் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

என் முறை வந்தது. அக்கா பித்தானை அழுத்திவிட்டு, பேசு என்றார். நாடா சுற்றிக்கொண்டே இருக்கிறது. எனக்கு வாய் வரவில்லை. எதிர் வீட்டுக்காரி இருமினாள். வெளியே சேவல் கூவியது. அதெல்லாம் பதிந்தது. பிறகு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் வந்தது.

"என்னங்க, எனக்கு எழுத வராது. அதான் எழுதல. கோவம் ஒண்ணும் இல்ல."

ஐந்து பெண்களுக்கு முன்னால் சொன்னேன். கொங்சியில் ஆறு ஆண்கள் கேட்பார்கள் என்று தெரிந்தே சொன்னேன். என் ஆயுசில் நான் செய்த தைரியமான காரியம் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு அவரிடமிருந்து கடிதமே வரவில்லை. கேசட்தான் வந்தது. சாகிற வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை, சொல்லிக் காட்டவும் இல்லை. வேலை முடிந்து திரும்பி வந்தபோது அந்தக் கேசட்டையும் கொண்டுவந்து பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார்.

மகள் பிறந்து ஐந்து வயதாகும்போது தோட்டத்தை விற்றுவிட்டார்கள். லயம் கலைந்தது. அக்கா பிறகு குருபோங்கில் மகன் வீட்டோடு போய்விட்டார். நாங்கள் புக்கிட் காத்திலுக்கு வந்தோம். புது ஊர், புது சர்ச். யாருக்கும் என்னைத் தெரியாது. நான் அப்பா சொன்ன ஐந்தாம் வகுப்பையே மறுபடியும் எடுத்துக்கொண்டேன். பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவள் பக்கம் புரட்டும்போது நானும் புரட்டுவேன். அப்படியே தெரிந்த பாட்டின் மேல் விரலை வைத்து, இந்தச் சத்தத்துக்கு இந்த எழுத்து என்று ஒவ்வொன்றாகப் பிடித்தேன். ஐம்பதைத் தாண்டித்தான் வாசிக்க வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. பெற்ற மகளிடமும் சொல்லவில்லை.

நாலு வருடத்துக்கு முன் அவள் அந்த பிஸ்கட் டின்னைத் திறந்திருக்கிறாள். ஒரு ஞாயிறு சாயங்காலம் நான் குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். பின் அறையிலிருந்து "பேசு, ஓடுது" என்று கேட்டது. அக்கா குரல். அதன் பின்னால் அந்த இருமல், அந்தச் சேவல். பிறகு கீழே அந்த லாரி உறுமல் தொடங்கியது. அதற்கு மேலே ஒரு குரல், குழந்தைக் குரலைப்போல் மெலிந்து உயர்ந்து, வெட்டி வெட்டி வந்தது. எழுத வராது, எழுத வராது, வராது, வராது. கடுகு கருகிப் போனது. அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றேன். மகள் வெளியே வந்தாள். நான் கருகிய கடுகைக் கொட்டிவிட்டு மறுபடியும் தாளித்தேன். அப்போதே கேட்டிருக்கலாம்.

அந்தப் பாட்டுக்கு அவள் பெயர் வைக்கவில்லை. இசைத்தட்டாகவும் போடவில்லை. ரேடியோவில் போட்டதை யாரோ பிடித்து வைத்து, அடுத்தவருக்குக் கொடுத்து, அவர் தன் ஆட்டத்தில் போட்டு, இப்படியே சுற்றியிருக்கிறது. அந்தப் பேசுகிற பொம்பளைப் பாட்டு எது, எங்கே கிடைக்கும் என்று கேட்பார்களாம். ஒருவர் அதை கராஜ் என்று எழுதினார். இன்னொருவர், இல்லை, டப்ஸ்டெப் என்றார். மூன்றாமவர் ஜங்கிள் காலத்து ஆள். இதில் ஓடுவது எங்கள் தாளம், மெதுவாக்கியிருக்கிறாள் என்றாராம். குரல் இந்தியா அரபியா என்று வேறு சண்டை. மகள் எனக்கு வாசித்துக் காட்டிச் சிரிப்பாள். நான் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

போன வருடம் அங்கே ஒரு சின்னக் கம்பெனி அதை இசைத்தட்டாகப் போட முன்வந்தது. கோலாலம்பூரில் ஒரு தமிழ் ரேடியோவும் காலையில் அதைப் போட்டு, மலாக்காப் பெண் என்று சொல்லிவிட்டது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து டீயும் கறிபாப்பும் கொடுக்கும் நேரத்தில் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் பயந்ததுபோல் யாரும் முகம் சுளிக்கவில்லை. உங்கள் மகளா, உங்கள் மகளா என்று கேட்டார்கள். மகள் அன்றைக்கு என்னோடு வந்திருந்தாள். ஒருத்தி கைபேசியில் பாட்டைப் போட்டாள். கூடத்தில் என் குரல் கேட்டது.

போதகரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுத வராது என்று சொல்கிற அந்தக் குரல் யாருடையது என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பின்னால் ஒருத்தி, "பாவம்லா, அந்தக் காலத்துத் தோட்டத்து ஆளுங்க. எல்லாம் கைநாட்டுதானே," என்றாள்.

பரிதாபம் என் மேல் ஏறுவதற்கு ஒரு அடிதான் மிச்சம் இருந்தது.

"அது எங்க பக்கத்து வீட்டு அக்கா," என்றேன். "பாவம், படிக்கல. பேசு, ஓடுதுன்னு சொல்றது நான்."

பாவம் என்று வேறு சொன்னேன். எனக்கு வந்த கடிதங்களை வாசித்த வாயைத்தான் அப்படிச் சொன்னேன். மகள் என்னைப் பார்த்தாள். இரண்டில் எது நான் என்று அவளுக்கு அதுவரை நிச்சயம் இல்லை. இருபத்தேழு வயதுக் குரல், அதுவும் பாட்டில் மேலே ஏற்றிய குரல். என் குரலோ மரத்தடி ஈரத்திலும் இருமலிலும் எப்போதோ கனத்துப்போனது. தவிர, அம்மாவுக்கு எழுத வரும் என்று நம்பித்தானே வளர்ந்தாள். அப்படியானால் அந்தப் பெரியம்மாவிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்றாள். குரல் யாருடையதோ அவர்கள் சம்மதித்துத் தாளில் கையெழுத்துப் போட்டால்தான் கம்பெனி தட்டில் பெயர் போடுமாம்.

அவள் குருபோங்குக்குப் போன சனிக்கிழமை என்னையும் கூப்பிட்டாள். முட்டி வலி என்றேன்.

மத்தியானம் திரும்பி வந்து தாளை மேஜையில் வைத்தாள். கையெழுத்துப் போட வேண்டிய கோட்டின் மேல் சிவப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை.

"பேனா குடுத்தேம்மா. எனக்கு எழுத வராதும்மான்னு சொல்லிட்டாங்க. வீட்டுல மை இல்ல. மருமகளோட லிப்ஸ்டிக்க வாங்கித் தடவி வெச்சாங்க. அந்த அண்ணி சிரிச்சிக்கிட்டே இருந்தாங்க, ஏன்னு தெரியல. பாட்டு கேட்டுட்டுப் பெரியம்மா சொன்னாங்க, உங்கம்மா குரல் இன்னும் அப்படியே காதுல நிக்குதுன்னு."

நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன். தோட்டத்தில் சம்பள நாளில் ஊதா மையில் விரலை வைத்துவிட்டுப் பெண்கள் முந்தானையில் துடைத்துக்கொண்டு வருவார்கள். அந்த வரிசையில் அக்கா மட்டும் பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போடுவார். சம்பளம் கொடுக்கும் கிராணியே நிமிர்ந்து பார்ப்பார். அந்தக் கை எனக்காக லிப்ஸ்டிக்கைத் தடவிக்கொண்டது.

நாலு நாள் வாய் திறக்கவில்லை. புதன்கிழமை காலை, மகள் வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் நின்று சொன்னேன். எழுத வராது என்றது நான். அக்காதான் பித்தானை அழுத்தியது. ஐந்தாம் வகுப்பும் பொய். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் ஒற்றைச் செருப்போடு நின்றாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அப்பாவுக்குத்தான் அதுல சொன்னேன்."

"எனக்கு ஏன்மா சொல்லல?"

கட்டி வைத்த சோற்றை எடுக்காமலே போய்விட்டாள்.

மறுநாள்தான் சொன்னாள், கம்பெனிக்கு அன்றைக்கே எழுதிவிட்டாளாம். ஆனால் தாளின் படத்தை சனிக்கிழமையே அனுப்பியிருந்ததால் தட்டின் அட்டை அச்சுக்குப் போய்விட்டது. மறுபடியும் அச்சடித்தால்தான் மாற்ற முடியும். இரண்டு மாதம் கழித்துப் பத்து தட்டு பெட்டியில் வந்தது. பின் அட்டையில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது: எழுத வராது என்ற குரலுக்கு அக்கா பெயர், பித்தானை அழுத்திய குரலுக்கு என் பெயர். இப்போது அந்தத் தட்டு அங்கே கடைகளில் இருக்கிறது. எந்த அலமாரியில் வைத்தார்கள் என்று மகளிடம் கேட்டேன். கராஜ் அலமாரியில் பாதி, டப்ஸ்டெப் அலமாரியில் பாதி என்றாள். அதற்கு இரண்டு இடம் கிடைத்துவிட்டது. என் பெயர் இருக்கும் இடம்தான் தப்பு.

ஒரு தட்டை எடுத்துக்கொண்டு குருபோங்குக்குப் போனேன். மகள் காரில் கொண்டுபோய் விட்டாள், உள்ளே வரவில்லை. அக்கா கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, முட்டி வலி போயிடுச்சா?" என்றார்.

உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே, ஏனக்கா கைநாட்டு வைத்தீர்கள் என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்க வந்தவள் அதைத்தான் முதலில் கேட்டேன்.

"வேற என்ன செய்ய? பேனாவ எடுத்தா என் எழுத்தே உன்னைக் காட்டிக் குடுத்துரும். கோணலா எழுதலாம்னு பாத்தேன். இந்தக் கை கேக்க மாட்டேங்குது."

நான் அழுதேன். அவர் கீரையை நிறுத்தவில்லை. ஆய்ந்துகொண்டே சொன்னார்.

"என்னைப் படிக்காதவன்னு சொன்னது எனக்குப் பெரிசு இல்ல. யாருகிட்ட போய்க் காட்டப் போறேன் இந்த வயசுல. ஆனா அந்த ஒரு வார்த்தைய சொல்ல நீ எவ்ளோ நேரம் உக்காந்திருந்த, பட்டன அழுத்தினவ நான், எனக்குத் தெரியும். அத போய் உன்னுது இல்லன்னுட்டியே."

அதற்குப் பிறகு கீரையில் பாதியை என் பக்கம் தள்ளினார். இரண்டு பேரும் ஆய்ந்தோம்.

மகள் அடுத்து ரேடியோவில் போட்ட ஞாயிறு, அக்காவை அவர் மகன் காரில் கொண்டுவந்து விட்டார். பின் அறையில் இரண்டு நாற்காலி போட்டிருந்தாள். பாட்டை மெதுவாக இறக்கிவிட்டு, மைக்கை என் பக்கம் திருப்பினாள். லண்டனில் பகல் வெளிச்சம், அங்கே யார் யாரோ கேட்கிறார்கள். எனக்கு அன்று போலவே வாய் வரவில்லை. அக்கா என் தோளைத் தொட்டு, "பேசு, ஓடுது," என்றார்.

வாயைத் திறந்ததும் "என்னங்க" என்றுதான் வந்தது. அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. பிறகு சொன்னேன், எழுத வராது என்று சொன்னது நான்தான், பித்தானை அழுத்தியவர் பக்கத்தில் இருக்கிறார், தட்டில் மாறிப் போட்டதற்குக் காரணம் என் பொய். மகள் அதை இங்கிலீஷில் சொன்னாள். சொல்லி முடித்து, கீழே இறக்கிய பாட்டை மறுபடியும் ஏற்றினாள்.

ஆனால் தமிழ் தெரியாதவர்களிடம் தமிழில் ஒப்புக்கொள்வதில் என்ன கஷ்டம்? சர்ச்சில் நான் இன்னும் சொல்லவில்லை. ஆறு ஞாயிறு போய்விட்டது. ஒவ்வொரு ஞாயிறும் டீ வரிசையில் நிற்கும்போது சொல்லலாம் என்று நினைப்பேன். யாராவது அந்தப் படிக்காத அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்பார்கள். நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

சங்கத்தின் வருட மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று போன வாரம் கேட்டார்கள். தலைவி எழுதினால் நன்றாக இருக்குமாம். இதைத்தான் கொடுக்கப்போகிறேன். வாசிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டட்டும்.